ஜூலை மாத முட்டை

க்ளெனிஸ்: மெர்வ், இங்க வா. இதைப் பாரு.

மெர்வ்: முட்டைதானே? உடைச்சு வாணலியில ஊத்து, பசிக்குது.

க்ளெனிஸ்: ஓட்டுல சிவப்பா ஏதோ இருக்கு.

மெர்வ்: எச்சமா இருக்கும். கண்ணாடியைப் போட்டுப் பாரு.

க்ளெனிஸ்: போட்டுத்தான் பாக்கறேன். கடை முட்டையில குத்தற பண்ணை நம்பர் முத்திரை. பாதி அழிஞ்சிருக்கு. நம்ம கோழி எப்போலேருந்து முத்திரை குத்தி முட்டை போடுது?

மெர்வ்: அந்தக் கறுப்பி இருக்காளே, அவ கெட்டிக்காரி...

க்ளெனிஸ்: கறுப்பிக்கு வால்ல ஒரு இறகு இல்ல. எல்லாம் இறகு உதிர்த்துட்டு, கொண்டை வெளுத்துப்போய் நிக்குதுங்க. நம்ம தென்கோடியில ஜூலைன்னா நடுக்குளிர்காலம்; பகல் இவ்வளவு சுருங்கினப்புறம் எது முட்டை போடும்?

மெர்வ்: சரி... கடையில வாங்கினதுதான். ஹோபார்ட் டவுனுக்குப் போனப்போ. வினிகர் தொட்டு முத்திரையைத் தேய்ச்சேன். இது ஒண்ணுதான் சரியா போகல.

க்ளெனிஸ்: விடியறதுக்கு முன்னாடி போய்க் கூட்டுல வெச்சுட்டு வருவே. இந்த உறைபனியில.

மெர்வ்: ஆமா.

க்ளெனிஸ்: அதுக்கு கூட்டுல ஒரு பல்பை மாட்டி வெளிச்சம் காட்டித் தொலைச்சிருக்கலாமே! பக்கத்துப் பண்ணையில அப்படித்தான் குளிர்காலம் பூரா முட்டை போடுதே.

மெர்வ்: பல்பைக் கையில எடுத்தேன். மாட்ட மனசு வரல. "அதுங்க களைச்சுப் போயிருக்குப்பா, குளிர்காலத்துலயாவது சும்மா விடுங்க"ன்னு நம்ம பிள்ளை ராஸ் கத்துவானே...

க்ளெனிஸ்: அவன் வளர்த்த கோழிங்க. கத்துவான்தான்.

மெர்வ்: அவனைப் புதைச்சதுலேருந்து முட்டை எடுக்க மட்டும்தான் நீ எந்திரிச்சே. மே மாசம் முட்டை நின்னுச்சு. நீயும் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டே. சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல... பயந்துட்டேன் க்ளெனிஸ். பையனும் போய், நீயும் போயிட்டா...

க்ளெனிஸ்: அதுக்காகவா இந்த முட்டை?

மெர்வ்: தினம் காலையில சமையக்கட்டுலேருந்து கூப்பிட்டேன், முட்டை இருக்கான்னு பாருன்னு. நீ பூட்ஸை மாட்டிட்டு வெளிய போனே. எனக்கு அது போதும். ...இப்போ குட்டு உடைஞ்சுபோச்சு. நாளைலேருந்து எந்திரிக்க மாட்டே, அப்படித்தானே?

க்ளெனிஸ்: உளறாதே. முதல் நாளே எனக்குத் தெரியும். இறகு உதிர்க்கற கோழி முட்டை போடாதுன்னு தெரியாதவளா நான்?

மெர்வ்: தெரிஞ்சுமா தினம் போனே? இன்னிக்கு மட்டும் எதுக்கு என்னைக் கையும் களவுமா பிடிச்சே?

க்ளெனிஸ்: இன்னிக்கு நீ திரும்பி வர ரொம்ப நேரமாச்சு.

மெர்வ்: கூட்டுத் தாழ்ப்பாள் பனியில இறுகிப்போச்சு... அதான்.

க்ளெனிஸ்: ராஸும் இப்படித்தான் இருட்டுல சத்தம் போடாம கதவைத் திறந்துட்டு ஆத்துப் பக்கம் போனான், உயிரோட திரும்பி வரல. நான் தூங்கிட்டேன், மெர்வ். அவனைப் பெத்தவ நான் தூங்கிட்டேன். நீ கதவைத் திறக்கற சத்தம் கேட்டதும் தினம் எந்திரிச்சு உக்காந்துடுவேன். கூட்டுல முட்டை இருந்தா, நீ கோழிக்கிட்டதான் போயிருக்கே, ஆத்துக்கு இல்லன்னு நிம்மதி. அதைப் பாக்கத்தான் போனேன்... எனக்கு முட்டை வேண்டாம். இருட்டுல அந்தக் கதவைத் திறக்காதே.