நேந்துவுட்ட கெடாயும் ரங்கூன் புள்ளைங்களும்

அட, இப்படி அரகொறையாக் கேட்டுட்டுப் போறதுக்கா நாமகிரிப்பேட்டையில கரியில ஓடற பஸ்ஸ உட்டு எறங்கி, இந்த வெய்யில்ல நடந்தே வந்தீங்க? கட்டல்ல நல்லா ஒக்காருங்கண்ணா. ஆமாங்க, ரங்கூன் புள்ளைங்க வந்த ஊரு இதேதானுங்க. வேற ஆரு ஊட்டுல போயிக் கேட்டிருந்தாலும் ரெண்டு வார்த்தையில சொல்லி அனுப்பியிருப்பாங்க. எங்கிட்ட வந்து சிக்கிட்டீங்க. உன் வாய்க்கு ஒரு தறி நாடாவக் கட்டியுட்டா இந்நேரம் ஒரு பாவு நெய்ஞ்சு எறக்கியிருக்கலாம்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. சந்தைக்குப் போயிருக்கறாரு, வந்துருவாரு. தப்பா நெனைக்காதீங்க, எனக்கு இன்னிக்கு என்னமோ சிரிப்புச் சிரிப்பா வருது. காத்தால நல்லாத்தான் இருந்தேன், இப்பத்தான் இப்படி.

எப்படி வந்தாங்கன்னா? அதையும் கேளுங்க. சப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டானல்லங்க, அங்க பொழைக்கப் போன நம்ம சனமெல்லாம் காடு மலைன்னு நடந்தே திரும்பி வந்துச்சே. வழியில பெத்தவங்கள வாரிக் குடுத்ததும், கூட்டத்துல கைய உட்டதுமாத் தனியா வந்து சேந்த புள்ளைங்க எத்தனையோ. அதுல கொஞ்சத்த ரயில்ல ஏத்திச் சேலத்துக்கு அனுப்பியுட்டாங்க. சத்திரத்துல கெடந்துச்சுங்க. அங்க பெரிய மனுசங்கெல்லாம் மேடை போட்டுப் பேசுனாங்களாம். ஐயோ பாவம், பச்ச மண்ணுங்க, நம்ம ரத்தமுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு பாடு அழுதிருக்கறாங்க. சரி, ஆளுக்கு ஒண்ணக் கூட்டீட்டுப் போங்கன்னு கடைசியில கேட்டா, மேடையில குடிச்சு வெச்ச சோடா புட்டி மட்டுந்தான் மிச்சமாம்.

இத எனக்குச் சொன்னது பரக்கத் அலி ராவுத்தருங்க. எங்கூருக்கு நூல் கொண்டாந்து குடுக்கறவரு. அவரு தம்பி குடும்பம் ரங்கூன்ல இருந்துச்சு. புள்ளைங்க வந்திருக்குதுன்னு கேட்டு, தம்பி மக்க இருக்குதான்னு பாக்கச் சத்திரத்துக்கு ஓடியிருக்கறாரு. இல்லீங்க. அந்தப் புள்ளைங்க வரவேயில்ல. வெறுங்கையோட திரும்ப மனசு வருல, இருந்த புள்ளைங்களத் தூக்கி நூல் வண்டியில போட்டுட்டு நேரா இங்க வந்துட்டாரு.

அதுலதான் கூத்தே. சண்டைக் காலத்துல நூலு கண்ணுல படாம ஊரே தறியப் பாத்துக் கொட்டாவி உட்டுட்டிருக்குது. ராவுத்தரு வண்டி வருதுன்னதும் கஞ்சி குடிச்சவங்க கைகூடக் கழுவாம ஓடியாந்தாங்க. ஒருத்தரு மேல ஒருத்தரு உழுந்து தார்ப்பாயத் தூக்குனா, உள்ளாற நூலுமில்ல ஒண்ணுமில்ல, முழிச்சு முழிச்சுப் பாக்கற கண்ணா இருக்குது. தார்ப்பாயத் தூக்குனவன் படக்குன்னு திரும்ப மூடீட்டான். மூடுனா இல்லாமப் போயிருமாட்ட.

அப்பறம் என்ன, மாரியாத்தா கோயலு வாசல்ல ஊரு கூடுச்சு. இந்தப் புள்ளைங்கள ஊருக்குள்ள சேக்கறதா வேண்டாமா, அதான் பேச்சு. அதுவரைக்கும் வண்டிய உட்டு ஆரும் எறங்கக்கூடாதுன்னு நாட்டாமை சண்முகவேலு சொல்லீட்டாரு. ராவுத்தரு அக்கட்டப் புளியமரத்தடியில நின்னுட்டாரு. உங்க சாமி முன்னால நீங்க பேசுங்க, எங்க சாமிகிட்ட நான் பேசிக்கறேன்னு.

வேண்டாமுன்னு மொத ஆளா எந்திரிச்சது அரிசிக்கடை தங்கசாமிங்க. மூக்குப்பொடி மட்டையக் கையில வெச்சுட்டேதான் எதையும் பேசுவாரு. ஒரு சிட்டிகை உறிஞ்சறதுக்கு ஒரு ஞாயம் வரும். வாந்திபேதியக் கொண்டாந்துருவாங்கன்னாரு. சர்ர்னு ஒரு உறிஞ்சு. எந்தச் சாதின்னே தெரியாத புள்ளைக்கு எந்தப் பானையில தண்ணி மொண்டு குடுக்கறதுன்னாரு. இன்னொரு உறிஞ்சு. பின்னால ஒருத்தன், இதுல சப்பான்காரனுக்கு வேவு பாக்கற ஒத்தன் எவனாச்சும் இருந்தாலும் இருப்பான்னு ஒரு போடு போட்டான். ஊரே வண்டியத் திரும்பிப் பாக்குது. அங்க ஒரு பையன் மாட்டு வாலப் புடிச்சு ஆட்டீட்டு இருக்கறான். அவனாமுங்க ஒத்தன். கடைசியா தங்கசாமி பெரிய ஞாயத்தை எடுத்து உட்டாரு. ரங்கூன் அரிசி வரத்து நின்னு போச்சு, நம்ம புள்ளைக்கே சோறில்ல, ஊரான் புள்ளைக்கு எங்கருந்து போடறதுன்னு. அது நெசமுங்க. சேக்கலாம்னு நெனச்சவங்களும் தலையக் குனிஞ்சுட்டாங்க.

எனக்கு அடக்க முடியல. பொம்பளைங்க கூட்டத்துல இருந்தவ பட்டுனு கேட்டுப்போட்டேன். ஏனுங்க, இத்தன வருசமா உங்க கடையில ரங்கூன் அரிசி வித்தீங்களே, அத எந்தச் சாதிக்காரன் நட்டான், எவன் அறுத்தான்னு ஒரு நாளாச்சும் கேட்டு வித்தீங்களா, நாங்கதான் கேட்டுத் தின்னோமான்னு. அந்த நாட்டுச் சோத்தத் தின்னு வளந்த ஒடம்பு நமக்கு. இப்ப அங்கருந்து புள்ளைங்க வந்தா மட்டும் கசக்குதான்னு. எங்கூட்டுக்காரரு துண்டால மூஞ்சிய மூடீட்டாரு. ஆனா ஊரு ரெண்டு பட்டுப்போச்சுங்க. பாதி சேக்கலாங்குது, பாதி வேண்டாங்குது. பொழுது உச்சிக்கு வந்துருச்சு. வண்டிக்குள்ள ஒரு சின்னது அழ ஆரம்பிச்சிருச்சு.

நாட்டாமை பாத்தாரு. மனுசங்க பேசித் தீராது, ஆத்தாளையே கேட்டுருவோம், ஒரு கெடாயக் கொண்டாங்கன்னுட்டாரு. உங்களுக்குத் தெரியுமல்லங்க, மஞ்சத்தண்ணி தெளிச்சா கெடா ஒடம்பச் சிலுப்பித் துளுக்கோணும். துளுக்குனா ஆத்தாளுக்குச் சம்மதம். கெடாய வெட்டிக்கலாம். துளுக்கலீன்னா இல்ல. கெடாய ஆரு குடுக்கறது? வேணுங்கறவங்க குடுக்கட்டும்னு தங்கசாமி சொன்னாரு. அவ்வளவு நேரம் ஞாயம் பேசுன ஆம்பளைங்கெல்லாம் மேகத்தப் பாக்கறாங்க.

நான் போயி எங்கெடாய அவுத்தாந்தனுங்க.

அது சும்மா கெடா இல்லீங்க. எனக்குக் கல்யாணமாயி வருசம் ஓடிப்போச்சு, வவுத்துல ஒண்ணும் தங்குல. ஒரு புள்ள வந்தா வெட்டறேன்னு ஆத்தாளுக்கு நேந்துவுட்ட குட்டி. புள்ள வருல, குட்டி மட்டும் வளந்துச்சு. தெருவுல தறிப் பாவு நூல நீட்டிக் கஞ்சி போட்டா பாதிக் கஞ்சி பாவுக்கு, பாதிக் கஞ்சி அதுக்கு. நேந்துவுட்டதுன்னு ஆரும் கை ஓங்கமாட்டாங்க. தின்னு தின்னு கன்னுக்குட்டியாட்ட நிக்கும். ஊருல அதுக்கு மாப்பளைன்னு பேரு. சேக்காளிங்க எல்லாம் இடுப்புல புள்ளையத் தூக்கீட்டுப் போனா, நான் மாப்பளையக் கயித்துல புடிச்சுட்டுப் போவேன். சிரிப்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். ஊட்டுக்கு வந்து அழுவேன், அது வேற.

தங்கசாமி உடுவாரா? அது புள்ளவரத்துக்கு நேந்தது, வேற காரியத்துக்கு எப்படி வெட்டலாம், சாமி குத்தமாயிருமுன்னு குறுக்க நிக்கறாரு. நாட்டாமை யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு, புள்ள வந்தா வெட்டறேன்னுதானப்பா வேண்டுனா, பொறந்தா வெட்டறேன்னா வேண்டுனா, ஒரு வண்டி நெறய வந்து நிக்குதேன்னாரு. ஊரே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. நான் சிரிக்கலீங்க. அதுவரைக்கும் ஊரான் புள்ளைங்களுக்காகத்தான் வாயாடிட்டு நின்னேன். அந்தப் பேச்சக் கேட்டதும், இதுல ஒண்ணு எனக்குன்னு மனசுல உழுந்துருச்சு.

பூசாரி மஞ்சத்தண்ணி தெளிச்சாரு. மாப்பளை அசையல. இன்னொரு செம்பு. அசபோட்டுட்டு நிக்குது. பறைக்காரரு அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு நிறுத்தீட்டாரு. ஆத்தா, தாயே, வாயத் தொறந்து சொல்லுன்னு பொம்பளைங்க குலவை போடறாங்க. அது மூத்தரம் பேஞ்சுது. அதுதான் பதிலுன்னு தங்கசாமி சிரிக்கறாரு. பாவி, இத்தன வருசம் ஊருக் கஞ்சியெல்லாம் குடிச்சியே, எனக்காக ஒருக்காச் சிலுப்பமாட்டியான்னு அதும்பட மூஞ்சியவே பாக்கறேன்.

செயிச்சுட்டோமுன்னு தங்கசாமி பொடி மட்டையத் தொறந்து, ஒரு பெரிய சிட்டிகையா எடுத்து, மூக்குக்கிட்டக் கொண்டு போறாரு. மாப்பளைக்கு எவன் கையில எதப் பாத்தாலும் கஞ்சின்னு நெனப்பு. ஒரே எட்டுல போயி அவரு கையில மூஞ்சிய வெச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சுச்சு பாருங்க. அவ்வளவுதான். கொம்புல இருந்து வாலு வரைக்கும் ஒடம்பு எழுந்து ஆடி, அச்சுனு ஒரு தும்மலு. மேல ஊத்துன மஞ்சத்தண்ணியெல்லாம் தங்கசாமி மூஞ்சியில. கல்யாணப் பையனாட்ட நின்னாருங்க மனுசன். ஐயோ, இப்ப நெனச்சாலும் எனக்கு வவுறு வலிக்குது.

துளுக்கீருச்சுன்னு பாதி ஊரு கத்துது. அது தும்முனது, துளுக்குனதில்லன்னு தங்கசாமி கத்தறாரு. தும்மலு துளுக்குல சேருமா சேராதான்னு ஒரு தனிப் பஞ்சாயத்து. கடைசியில பூசாரிதான், தலையில இருந்து வாலு வரைக்கும் ஆடுச்சா இல்லியா, ஆடுச்சல்ல, ஆத்தா ஆரு பொடிய வாங்கிப் போட்டா நமக்கென்னன்னு சொல்லி முடிச்சாரு. புள்ளைங்கள எறக்குங்கன்னுட்டாரு நாட்டாமை. ராவுத்தரு புளியமரத்தடியில துண்டால மூஞ்சியத் தொடைச்சுட்டே நின்னாரு.

கெடாய வெட்டுனாங்களான்னா? வெட்டித்தானுங்க ஆவோணும், ஆத்தா கேட்டுட்டாளே. அந்தக் கறியத்தான் அந்தப் புள்ளைங்களுக்குப் போட்டாங்க. எல்லாரும் சிரிச்சுத் தின்னுட்டிருக்கறாங்க, நான் மூலையில ஒக்காந்து மூக்கச் சிந்தீட்டிருக்கறேன். ஒரு பொட்டப்புள்ள எலையில இருந்து ஒரு துண்ட எடுத்துட்டு வந்து என்ற வாயில ஊட்டுச்சு. எங்கெடாய எனக்கே ஊட்டியுட்டா பாருங்க. அழுதுட்டே தின்னேன். ருசியாத்தானுங்க இருந்துச்சு. கையப் புடிச்சு ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்.

மத்த புள்ளைங்களா? ஊட்டுக்கு ஒண்ணா இருக்குதுங்க. மாட்டு வாலப் புடிச்சு ஆட்டுனானே அந்த ஒத்தன், அவனத் தங்கசாமிதான் வளக்கறாரு. நெசமாலுமுங்க. சந்தைக்குத் தோள்ல தூக்கி வெச்சுட்டுப் போறாரு. கேட்டா, கண்ணுல வெச்சுப் பாத்துக்கோணுமல்ல, ஒத்தனாச்சேங்கறாரு.

எங்கண்ணா எந்திரிக்கறீங்க? ஒறம்பரையா ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வவுத்தோட போறதா? சோறு ஆக்கீட்டேன். கத்திரிக்காக் கொழம்புதான். இன்னும் ஒண்ணு சொல்லாம உட்டுட்டனே, அந்த நாட்டாமை இருக்கறாரல்லங்க, அவரு என்ன பண்ணுனாருன்னா...

செரி உடுங்க. போதும்.

நீங்க வந்ததும் செம்புல தண்ணி குடுத்தனல்லங்க. தோள்ல கெடந்த துண்ட எடுத்துச் செம்பு வாயில போட்டு, துணிக்கு மேல உறிஞ்சிக் குடிச்சீங்க. நல்ல கெணத்துத் தண்ணி, ஒரு தூசி கெடையாது. எங்கூட்டுல ஒருத்தி இருக்கறா, பாவாடைய இழுத்து லோட்டா மேல போட்டுத்தான் குடிப்பா. வேண்டாம் கண்ணு, சுத்தமான தண்ணின்னாலும் கேக்கமாட்டா. மலையில வரப்ப எங்கப்பா சொல்லிக் குடுத்தாரும்பா. நீங்க செம்பக் கீழ வெக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கண்ணா. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும். பேச்ச நிறுத்துனா நீங்க கேட்டுருவீங்களேன்னு.

அட, அழுவாதீங்க. நான் அழுவலீங்க பாருங்க. ஆத்தாகிட்டக் கேட்டு வாங்குன புள்ளதான். ஆனா பெத்தவரு இத்தனை தூரம் நடந்து தேடி வந்து நின்னா, எந்த ஆத்தா இல்லீன்னு சொல்லுவா? சோறு மட்டும் தின்னுட்டுப் போங்க ரெண்டு பேரும்.

பூவாத்தாங்கறது நான் வெச்ச பேருங்க. முந்தி என்ன பேருன்னு எத்தனை தடவை கேட்டாலும் சொல்லமாட்டா. எங்கப்பா வந்து கூப்புடுவாரும்பா, அதோட வாய மூடிக்குவா. அதா, அந்த வேம்படியில அந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்து தறிக்கு நூலுத் தாரு சுத்தறா பாருங்க.

நீங்க வெச்ச பேரச் சொல்லிக் கூப்புடுங்கண்ணா. சத்தமாக் கூப்புடுங்க. எனக்கும் கேக்கட்டும்.