முக்கு எடம்

தெரியும்மா. அந்தப் படத்த நான் பாத்திருக்கேன், போன உள்ள வை. பிள்ளைங்ககிட்டத் தப்பா நடந்து ஜெயிலுக்குப் போய் வந்தவங்க எங்க குடியிருக்காங்கன்னு ஷெரீஃப் ஆபீஸ்ல போடுற வரைபடம்தானே? ஊர் பூரா வெள்ளையா இருக்கும், எங்க டிரெய்லர் பார்க், இந்தத் தகர வீடுங்க மேல மட்டும் செவப்புச் செவப்பா புள்ளி, அம்மை போட்ட ஒடம்பு மாதிரி. புள்ளியத் தொட்டா மூஞ்சி வரும், பேரு வரும், என்ன செஞ்சான்னு வரும். அந்த மூஞ்சிங்களத்தான் நான் தெனம் காலையில நேர்ல பாக்குறேனே. உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், பூனை படுத்து ஒரே முடி. இதுல உக்காரு, ஃபேன் காத்து இங்கதான் வரும்.

என்ன நோரீன்னே கூப்புடு. மிஸஸ் டிக்கர்சன்னு கூப்புட்டா என் மாமியார் பின்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்கு.

டீ குடி. ஐஸ் போட்டுருக்கேன். சக்கரை தூக்கலாத்தான் இருக்கும், ஜார்ஜியாவுல இந்தக் கோடியில அப்படித்தான். அட்லாண்டாவுல நீங்கள்லாம் சக்கரையே போடாம குடிப்பீங்களாமே. புடிக்கலன்னா அப்படியே வச்சுடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நீ வருவேன்னு தபால் போடுற அம்மா போன வாரமே சொல்லிட்டா. புது வீடுங்க கட்டியிருக்கிற பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு வரும், ரோட்டு முக்குல இருக்கிற என் எடத்தக் கேக்கும், பிள்ளைங்க வெளயாடுற பார்க் வைக்கன்னு. டவுன் கவுன்சில் நல்ல வெலை குடுக்குதாம். பார்க்குக்கு என் வீட்டுக்காரர் பேரு வைப்பாங்களாம். டுவெய்னுக்கு ஊஞ்சலப் பாத்தாலே தல சுத்தும், அது வேற கதை. செத்தவரு என்ன சொல்லப்போறாரு.

இல்ல, நீ வெளக்க வேண்டாம். எனக்குத் தெரியாத சட்டமா? பார்க், ஸ்கூல், சர்ச், நீச்சல் குளம், பஸ்ஸுக்குப் பிள்ளைங்க நிக்கிற எடம், இதுல எது இருந்தாலும் அங்கேருந்து ஆயிரம் அடிக்குள்ள இவங்க குடியிருக்கக் கூடாது. ரோட்டு வழியா அளக்க மாட்டாங்க. காக்கா பறக்கிற மாதிரி நேரா அளப்பாங்க. சொந்த வீட்டுக்காரன்னா, முன்னாடியே இருந்தவன்னு விட்டுருவாங்க. வாடகைக்கு இருக்கிறவன் கெளம்பணும். ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், ஒரு பெஞ்சு. அது வந்து நின்னா இங்க இருக்கிற அத்தன பேரும் மூட்டயக் கட்டணும். நீ அத வாய்விட்டுச் சொல்லல. சொல்லணும்னும் இல்ல.

உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. உனக்கு நாலு வயசுல பொண்ணு இருக்கா. கடன வாங்கி வீட்டக் கட்டி, தெரச்சீலையெல்லாம் மாட்டின பெறகுதான் அந்தப் படத்தப் பாத்துருக்கே. நானா இருந்தா டீ குடிக்கக்கூட உக்காந்திருக்க மாட்டேன்.

நல்லவங்களான்னு கேக்குறியா? அப்படி நான் சொல்லவே மாட்டேன். அவங்க செஞ்சது செஞ்சதுதான். ஊர்ல சில பேரு இருக்காங்க, ஐயோ பாவம் எல்லாம் சின்ன வயசுத் தப்புன்னு சொல்ற ஆளுங்க. அப்படிப்பட்டது ஒண்ணு ரெண்டு இருக்கும். மத்தவங்க அப்படி இல்ல. வர்றப்பவே ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிருவேன், பாரு, உன் கதைய எனக்குச் சொல்லாத, நான் கேக்க மாட்டேன். குப்பையப் போடு, சத்தமா பாட்டு வைக்காத, பிள்ளை உள்ள சொந்தக்காரங்க யாரையும் இங்க வரச்சொல்லாத. அவ்ளோதான்.

உள்ள வர்றப்ப பாத்துருப்பியே, வாக்கரப் புடிச்சுட்டு ஒரு வயசானவரு, தொப்பியக்கூட எடுத்தாரு உனக்கு. ஆர்லோ. சர்ச்சுல பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்தவரு. மீதி படத்துலயே இருக்கு. இப்ப கை நடுங்குது, சூப்பு வாய்க்குப் போறதுக்குள்ள பாதி சட்டையில கொட்டிரும். ஐயோ பாவம்னு வாய் வரைக்கும் வரும். வந்து முடியறதுக்குள்ள அந்தப் பையனுங்க ஞாபகம் வந்துரும். இந்தப் பக்கமும் போக முடியல, அந்தப் பக்கமும் போக முடியல. எனக்கு அலுத்துப்போச்சும்மா.

ரெண்டு வருஷம் முன்னால புயல் அடிச்சுதே, நீ அப்ப இங்க வரல. ஊருக்கெல்லாம் ஸ்கூல்ல தங்க எடம் குடுத்தாங்க. இவங்க ஸ்கூல் வாசல மிதிக்கக் கூடாதே. அதனால ஜெயில்ல வந்து படுத்துக்கோங்கன்னுட்டாங்க. எல்லாரும் போனாங்க. ஆர்லோ மட்டும் வரல. செத்தாலும் சாவேன், அந்தக் கதவுக்குள்ள மறுபடி போக மாட்டேன்னாரு. நான் என்ன பண்றது, தகர வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போகவா? துணி தொவைக்கிற ரூமுக்கு மட்டும் சிமெண்டு செவுரு. நானும் அவரும் அங்கதான் உக்காந்திருந்தோம். வெளிய பைன் மரமெல்லாம் மளுக்கு மளுக்குன்னு ஒடியுது. பயத்துல அவரு மெதுவா ஒரு சாமி பாட்டு பாட ஆரம்பிச்சாரு. நல்ல கொரலு. இன்னும் அந்தக் கொரலு போகல. நான் சொன்னேன், பாடாதீங்க ஆர்லோ. ஏன்னு கேக்கல. நிறுத்திட்டாரு.

டீ வேணுமா இன்னும்? சரி.

இல்லம்மா, உன் கேள்விக்குத்தான் வர்றேன். வேற எங்கயாவது போகட்டுமேங்கிற. எங்கங்கறதுதான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஹைவேல ஒரு மோட்டல் பாழா கெடக்கே, ஜன்னலெல்லாம் பலக அடிச்சு. அங்க இவங்கள மாதிரி ஒரு கூட்டம் இருந்துச்சு. எதுத்தாப்புல ஒருத்தி பிள்ளைங்கள பாத்துக்கற எடம் தொறந்தா. அன்னைக்கே எல்லாரையும் காலி பண்ணச் சொல்லியாச்சு. ஊரே கை தட்டுச்சு. நானும்தான் நெனச்சேன், நல்லதாப் போச்சுன்னு.

எங்க போனாங்க தெரியுமா? டயர் கடைக்குப் பின்னால காடு இருக்கு பாரு, அங்க. தார்ப்பாய் கட்டிக்கிட்டு. ஷெரீஃப் ஆபீஸ்ல போய் விலாசம் என்னன்னா, டயர் கடை பின்னாடி காடுன்னு எழுதிக் குடுக்கணும். எழுதிக்கிட்டாங்க. சிரிக்காத, நெசம். கால்ல ஒரு கருவி மாட்டிவிடுறாங்களே, எங்க போறான்னு பாக்க, அதுக்கு தெனமும் கரண்ட் ஏத்தணும். காட்டுல எங்க கரண்டு? கடை கடையா போய் செவுத்துப் பக்கம் நின்னு கால நீட்டிக்கிட்டு நிப்பானுங்க. கடைக்காரன் வெரட்டுவான். கருவி செத்துப்போகும். செத்தா உள்ள புடிச்சுப் போடுவாங்க.

அதுல ஹாலிஸ்னு ஒருத்தன். அவன் கருவிய அறுத்து ஓடையில போட்டுட்டுப் போயிட்டான். அவன் காட்டுல இருக்கான்னு ஷெரீஃப் ஆபீஸ்ல நெனச்சுட்டிருக்காங்க. அவன் என்னடான்னா மூணு ஜில்லா தள்ளி, வேற பேரச் சொல்லி, ஒரு பொம்பளையோட குடித்தனம் நடத்திட்டு இருந்திருக்கான். அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஸ்கூலுக்குக்கூட இவன்தான் கொண்டு விட்டுருக்கான். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல, கடவுள் பாத்தாரு. ஆனா அவ அந்தப் படத்தப் பாத்திருப்பா இல்ல, உன்ன மாதிரி? அவ தெருவுல புள்ளியே இருந்திருக்காது. சுத்தமா இருக்குன்னு கதவச் சாத்திட்டுப் படுத்திருப்பா.

உன்ன பயமுறுத்தச் சொல்லல. நடந்தது.

காசுக்காகவா? ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. நோரீன் இவனுங்கள வச்சு சம்பாதிக்கிறான்னு. கூரை ஒழுகறத நீயே பாரு. சர்ச்சுல நான் உக்காந்தா அந்த பெஞ்சுல வேற யாரும் உக்கார மாட்டாங்க. கடையில ஒருத்தி என் தள்ளுவண்டியில காறித் துப்பினா. என் கூடப் படிச்சவதான். நான் அந்த ரொட்டிய எடுத்து வச்சுட்டு வேற ரொட்டி எடுத்துட்டு வந்தேன். என்ன பண்றது, அவளுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு.

முன்னாடியா? முன்னாடி இங்க குடும்பங்கதான்மா இருந்துச்சு. கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போறவங்க. சாயங்காலம் ஆனா ஒரே பிள்ளைங்க சத்தம், சைக்கிளு, பந்து. டுவெய்ன் தலைவலின்னு கத்துவாரு. அவங்கல்லாம் ஒரே மாசத்துல போயிட்டாங்க. மொத ஆளு இங்க வந்தப்ப. நான்தான் வீடு வீடாப் போய், இந்த மாதிரி ஒருத்தன் வரப்போறான்னு சொன்னேன். சொல்லாம வைக்க முடியுமா? ஒரு அம்மா என்கிட்ட சண்டையே போடல. சாவியக் கையில குடுத்துட்டு, உங்கள நல்லவங்கன்னு நெனச்சேன்னு மட்டும் சொன்னா. அது இன்னும் காதுல இருக்கு.

மொத ஆளா? ராய்ஸ். கடைசி டிரெய்லர், வேலி ஓரமா பச்ச பெயிண்ட் அடிச்சது. என் தம்பி.

ஆமா, கூடப் பொறந்தவன்.

இல்ல, அப்படிச் சொல்லாத. தம்பிங்கற பாசத்துல எடம் குடுத்தேன்னு நெனச்சுட்டா அது தப்பு. எட்டு வருஷமா அவன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்ல. குழாய் ரிப்பேர்னாகூட ஆர்லோகிட்டதான் சொல்லி அனுப்புவான்.

அவன் உள்ள போனது என் பொண்ணாலதான். ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாது, டீலியா கேட்டா திட்டுவா. என் பொண்ணுக்கு அவன் செஞ்சதால உள்ள போனான். அப்ப அவளுக்கு ஒம்பது வயசு. ஸ்கூல் நர்ஸ்கிட்ட அவளே போய்ச் சொன்னா. கோர்ட்டுலயும் அவளே சொன்னா, காலு தரைக்கு எட்டல அந்த நாற்காலியில. இப்ப டென்வர்ல இருக்கா, நாய்க்கு முடி வெட்டுற கடை வச்சிருக்கா. நல்லா இருக்கா. நல்லாத்தான் இருக்கா.

பதினெட்டு வருஷம் கழிச்சு அவன் வெளிய வந்தான். தங்க எடம் இல்ல. அதனால அந்தப் படத்துல அவனுக்குப் புள்ளியே போடல. வீடில்லாதவர், இந்த மாநிலம்னு மட்டும் போட்டிருந்துச்சு. இந்த மாநிலம் எவ்வளவு பெருசு, சொல்லு. டீலியா அந்த ஒரு மாசத்துல ரெண்டு வீடு மாத்தினா. டென்வர்ல, அவ்வளவு தூரத்துல. கடைக்கு யார் வந்தாலும் நாயப் பாக்க மாட்டா, ஆளோட கையப் பாப்பா. வேல நேரத்துல கழிப்பறையில உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் பண்ணுவா. அம்மா, அவன் எங்கன்னு கேப்பா. எனக்குத் தெரியலம்மாம்பேன். வேற என்ன சொல்ல? அந்த வாரம்தான் பரோல் ஆபீசர் போன் பண்ணி, உங்க பக்கத்துல ஸ்கூல் இருக்கா, பார்க் இருக்கான்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல, கொண்டாந்து விடுங்கன்னேன். டுவெய்ன் மூணு நாள் சாப்பிடல.

அதுலேருந்து தெனம் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போவேன். படியில உக்காந்திருப்பான், இல்லன்னா உள்ள டிவி ஓடும். ஆளக் கண்ணால பாத்துட்டு வந்துருவேன். அவனும் எழுந்திருக்க மாட்டான். எதுக்கு வர்றேன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் டீலியா கூப்புடுவா. எடுத்தவுடனே கேக்குறது ஒண்ணுதான், இருக்கானா. இருக்கான்ம்பேன். அதுக்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும், சாப்பிட்டியா, பூனைக்கு வயிறு சரியாச்சான்னு மத்ததெல்லாம் பேசுவா.

நீ அழாத. உன்ன அழவைக்கிறதுக்கா சொன்னேன். உன் பொண்ணுக்கு ஊஞ்சல் வேணும்தான், யாரு இல்லேன்னா. சர்ச்சுக்குப் பின்னால எடம் சும்மாத்தான் கெடக்கு, அதக் கேளு. இந்த முக்க மட்டும் கேக்காத.

இரு, மணி ஆறாகப் போகுது. டீலியா கடைய மூடிட்டுக் கூப்புடுவா. நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்.