ஆமென் சொல்லாத மதியம்

ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிவிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது. என்னிடம் உள்ள பெரிய பலவீனமே அதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு உபதேசியாராக இருந்தேன். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதற்கென்று சபையில் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் வேறு வண்டி கிடையாது. வாரம் இருமுறை துடைத்து வைப்பேன். நோயாளிகளை ஏற்றினால் அழுக்காகிவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, மாதம் ஒருமுறை வாய்க்கும் கறிச்சோற்றின் முன்னால் மனைவியோடு உட்கார்ந்தேன். மாயக்காள் ஓடி வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பருத்திக்காட்டில் கூலி வேலை பார்ப்பவள். எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அவள் தோளில் ஐந்து வயது மகள் செல்வலட்சுமி துவண்டு கிடந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி, உச்சி வெயில், போய்வர ஒரு மணி நேரம்.

கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினேன்.

"அய்யா, பிள்ளையப் பாம்பு கொத்திருச்சு, வண்டி..." என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். யார் சாமியானாலும், கும்பிடுகிற ஆளை எங்கள் பக்கத்தில் குறுக்கே கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சோற்றுக்கு நன்றி சொல்லியாயிற்று. ஆமென் சொன்னால் எழுந்தாக வேண்டும். ஆகவே மழைக்காக ஜெபித்தேன். தேசத் தலைவர்களுக்காக ஜெபித்தேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள். குடும்ப சமாதானத்துக்காகவும் ஜெபித்தேன். மாயக்காள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாள் என்று அரைக்கண்ணைத் திறந்து பார்த்தால், போகவில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளையின் பேரைச் சொல்லி ஜெபித்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஆமென் சொன்னேன். குழம்பு ஆறி ஏடு படிந்திருந்தது. பிள்ளைக்கு மூச்சு இல்லை.

பத்து வருஷமாகிறது. "எம் மகளுக்காகச் சோத்தத் தொடாம அம்புட்டு நேரம் வேண்டுனாக" என்று மாயக்காள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள். வண்டியை எடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டுமென்று பலமுறை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவள் தரும் காப்பியைச் சூடு ஆறுமுன் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவேன். பெற்ற மனசு தாங்காது பாருங்கள். எனக்கு எப்போதுமே இரக்க சுபாவம்.