அறுபது கிலோ தண்ணீர்

இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ள பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் என்னுடையவையே. வயது நாற்பத்தாறு. கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதே இடத்தில் காவலாளியாக இருந்து, நேற்று முன்தினம் முதல் இந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருப்பவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். அவருக்கும் எனக்கும் அவ்வளவாக ஆகாது என்பதை நாங்கள் இருவருமே மறுக்கமாட்டோம். ஆகவே பாசத்தால் எதையும் கூட்டிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டியதில்லை.

என் வேலை என்னவென்று இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். எவ்வளவு காமா கதிர் விடும் என்று முன்பே தெரிந்த ஒரு வில்லையைக் கருவியின் முன்னால் வைத்து, கருவி எத்தனை எண்ணுகிறது என்று பார்ப்பேன். அதன் பிறகு அதே கருவி, அதே மேஜை, அதே சுவர்களைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, கற்பனைக் கதிர்களை விட்டு, அங்கேயும் எண்ணிப் பார்ப்பேன். இரண்டு வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் கருவியில் பழுதில்லை. பொருந்தாவிட்டால் கருவியில் கோளாறு, அல்லது நிஜ அறையில் இருக்கும் ஏதோ ஒன்று கம்ப்யூட்டர் அறையில் விட்டுப்போயிருக்கிறது. கதிர் எதில் பட்டாலும் அதில் கொஞ்சம் திரும்பி வந்து கருவிக்குள் விழும். சுவரில் பட்டாலும் சரி, ஆள் மேல் பட்டாலும் சரி.

தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள் பிற்பகல், அப்படிப்பட்ட ஒரு சீசியம் வில்லையை வைத்துக் கருவியை ஓடவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியான என் மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அறையின் மூலையில் ஈயப்பெட்டி ஒன்று உண்டு. அதில் இருக்க வேண்டியது இன்னொரு வகைக் கதிர் வில்லை, கோபால்ட்; சட்டைப் பொத்தான் அளவு. அது ஆளைக் கொல்லாது. கணக்கில் இல்லாமல் போனால் வேலையைக் கொல்லும்.

விடுமுறை முடிந்து நான் போனபோது இயக்குநர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஈயப்பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும் கோபால்ட் வில்லையைக் காணவில்லை என்றும் சொன்னார். புகாரைத் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அதன் பிறகு நான் விடுமுறையில் ஓடிய அளவீட்டை எடுத்துக் கம்ப்யூட்டர் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். போன மாதம் பொருந்தியது இந்த முறை பொருந்தவில்லை. திரும்பி வரும் கதிர்கள் விழும் இடத்தில் ஒரு மேடு கூடுதலாக இருந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் இரும்பு வைத்துப் பார்த்தேன், செங்கல் வைத்துப் பார்த்தேன், மேடு ஒத்துவரவில்லை. கருவிக்குப் பக்கத்தில் அறுபது கிலோ தண்ணீரை வைத்தேன். மேடு அச்சாக வந்து உட்கார்ந்தது.

இதை நான் கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று என் மனைவி அபிப்பிராயப்படுகிறார்.

இயக்குநர், "ஆக, லீவுல உள்ள ஒரு ஆள் இருந்திருக்கான்" என்றார்.

"சார், நான் தண்ணின்னுதான் சொன்னேன்."

"நீங்களே ஆளுக்குப் பதிலா தண்ணி உருளையைத்தானேய்யா வைப்பீங்க?"

அது உண்மை. எங்கள் தொழிலில் மனிதனைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் தண்ணீர் உருளையாகத்தான் சேர்ப்போம். கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அதன் பிறகு ஊழியர் அனைவரையும் பார்சல் எடை போடும் மேடையில் ஏற்றினார்கள். தாம் அறுபதைத் தாண்டியவர் என்பது பார்த்தாலே தெரியும் என்று சொல்லி இயக்குநர் ஏறவில்லை. என் மச்சான் அறுபத்தொன்று இருந்தார். சாவியும் அவரிடம்தான் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் யோசிக்கவில்லை.

என் மச்சான் சொன்னது இது: நான் போன பிறகு, பெயின்ட் அடிக்க வராந்தாவைக் காலி செய்ய வேண்டும் என்று இயக்குநர் சொன்னதால், குடிதண்ணீர்க் கேன் மூன்றை அளவீட்டு அறைக்குள் வைத்தார். விடுமுறை முடிந்த அன்று காலை முதல் வேலையாக வெளியே எடுத்துவிட்டார். ஒரு கேன் இருபது லிட்டர். அப்படிச் சொன்னதாகத் தமக்கு ஞாபகமில்லை என்று இயக்குநர் கூறினார்.

அதன் பிறகு நான் இன்னொன்றும் சொன்னேன். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கோபால்ட் வில்லையை ஈயப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருந்தால், வரைபடத்தின் கடைக்கோடியில் கோபால்டுக்கே உரிய இரண்டு முகடுகள் முளைத்திருக்கும். அப்படி எதுவும் முளைக்கவில்லை. ஆகவே வில்லை நான் கருவியை ஓடவிடும் முன்பே போய்விட்டது என்றேன். இயக்குநர், அது ரொம்பவும் டெக்னிக்கலான விஷயம், போலீசுக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றார். அன்றே போலீஸ் என் மச்சானை அழைத்துப்போனது.

மறுநாள் நிலையத்துக்கு வந்து இதையே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப அதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை யார் யார் திறக்க முடியும்?"

"நானும் இயக்குநரும் சார்."

"மச்சானைக் காப்பாத்த வந்தீங்களா, மாட்டிக்க வந்தீங்களா?"

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, தம்பியைப் பிடித்துப்போன பிறகு முதல் முறையாக என் பக்கம் திரும்பிப் படுத்தார். "அவனைத் தள்ளிவிட்டது உங்க கம்ப்யூட்டர். இப்ப நீங்களும் போய்ட்டா அந்தக் கம்ப்யூட்டரா வந்து சோறு போடும்?" என்று கேட்டார்.

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அளவீட்டைத் திரும்பச் செய்தோம். முதலில் மூன்று கேன்களை வைத்து ஓடவிட்டேன். மேடு வந்தது. அதன் பிறகு கேன்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நாற்காலி போட்டு என் மச்சானை உட்காரவைத்தேன். அசையக் கூடாது என்று சொன்னேன். "மூச்சு விடலாமா மாமா?" என்று கேட்டார். விடலாம் என்றேன். மேடு முன்பு போலவே வந்தது. ஆளா தண்ணீரா என்பதைக் கருவி சொல்லாது என்று ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை.

அந்தச் சமயம் இயக்குநர், நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று தம் தோல்பையோடு வந்து சுவரோரம் நின்றார். சிறிது நேரத்தில் வரைபடத்தின் கடைக்கோடியில் இரண்டு முகடுகள் முளைத்தன. இது என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கோபால்ட் என்றேன். அவர் உடனே என் மச்சான் பக்கம் திரும்பி, "பாக்கெட்டைக் காட்டுடா" என்றார். நேற்று முன்தினத்திலிருந்து என் மச்சானின் பாக்கெட் போலீஸ் பொறுப்பில் இருப்பதை ஏட்டு நினைவூட்டினார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் காலையிலிருந்து கருவியின் பக்கத்திலேயே நிற்கிறேன், முகடு இப்போதுதான் வந்தது என்றேன்.

அப்போது இயக்குநருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். முகடுகள் வளர்வது நின்றது. திரும்பி வந்தார். வளர்ந்தன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் அவரைப் பார்க்க யாரோ வந்திருப்பதாக மட்டும் சொன்னேன். போனார், நின்றது. யாரும் இல்லையே என்று வந்தார், வளர்ந்தது. இன்ஸ்பெக்டர் திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், டீ சொல்லிட்டு வர்றீங்களா? நீங்களே போனா சீக்கிரம் வரும்" என்றார்.

இயக்குநர் டீ சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர், "இப்ப பையை மட்டும் வெளிய வச்சிட்டு நீங்க உள்ள வாங்க" என்றார். பை வெளியே இருந்தது, இயக்குநர் உள்ளே இருந்தார், முகடுகள் வளரவில்லை.

பையை ஏட்டு திறந்தார். பேனா வைக்கும் சிறு உறைக்குள் கோபால்ட் வில்லை இருந்தது. இயக்குநர், விடுமுறையில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் கருவியை ஓடவிட்ட அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாமே எடுத்து வைத்ததாகவும், பிறகு அடியோடு மறந்துவிட்டதாகவும் கூறினார். புகாரில் கையெழுத்துப் போட்ட பச்சை மைப் பேனாவும் அதே உறைக்குள்தான் இருந்தது. அந்த உறை, ஒரு பேனாவும் ஒரு பொத்தானும் வைத்தால் நிறைந்துவிடும் அளவு. இது குறித்து எனக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை.

அதன் பிறகு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழச் சொல்லாததால் என் மச்சான் கைகளை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான் எந்திரிக்கலாமா, இல்ல இன்னும் தண்ணிதானா?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர், "எந்திரிச்சு வீட்டுக்குப் போப்பா" என்றார். நான், அளவீடு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்றேன். என் மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் உட்கார்ந்தே இருந்தார். அளவீடு முடிந்து இங்கே வந்தோம்; இந்த வாக்குமூலம் முடிந்ததும் இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போக இருக்கிறோம்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கருவி காட்டியதும் நான் கண்டதும் இவ்வளவே. இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஏட்டு கொடுத்த நீல மைப் பேனாவால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)