முன்வரிசை டப்பாக்கள்

கடையில் பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் நிற்க வேண்டும் சார். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

சிம்மக்கல்லில் குழந்தைப் பால்மாவுக் கம்பெனிக்கு நான் ஏஜென்ட். வாடிப்பட்டி கருத்தக்கண்ணன் கடைக்குப் பதினெட்டு வருஷம் சரக்குப் போட்டேன். அலமாரியில் அடுக்குவதும், தேதி முடிந்த டப்பாவை எடுப்பதும் என் கைதான். அவன் ஒருநாளும் தேதி பார்த்ததில்லை.

போன சித்திரையில் கம்பெனி நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே குடோன் திறந்தது. கடைக்காரர் போனில் ஆர்டர் போட்டால் மறுநாள் வேன் நேரே வந்துவிடும். நடுவில் நான் எதற்கு? கம்பெனி கைவிட்டதில்கூட எனக்கு வருத்தமில்லை. வாடிப்பட்டியில் முதல் ஆளாகக் கருத்தக்கண்ணன் அதில் சேர்ந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேன்காரன் சொல்லித்தான் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு கேட்டேன். "ஒங்க மொகத்தப் பாத்து எப்பிடிண்ணே சொல்லுவேன்" என்றான்.

பழைய பழக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் போவேன். டீ வாங்கித் தருவான். நான் அடுக்கினால்தான் கடை கடையாக இருக்கிறது என்பான். அடுக்கிக் கொடுப்பேன்.

என்னிடம் மழையில் நனைந்து, மூடி துருப்பிடித்த ஏழு டப்பாக்கள் கிடந்தன. தேதி முடிந்து ஒரு வருஷம். துருவைத் துடைத்தேன். தேதியை அழித்துப் புதிதாகக் குத்தினேன். ஆவணி இரண்டாம் வெள்ளி முன்வரிசையில் வைத்தேன். நாலு பேர் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சண்டைக்கு வந்தால், குடோன் சரக்கின் லட்சணம் அவனுக்குப் புரியும், என்னைத் தேடி வருவான் என்று நினைத்தேன்.

கடைக்குப் பின்தெருவில் இருக்கும் பாண்டீஸ்வரியின் குழந்தைக்கு ஏழு மாதம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. செய்தி தெரிந்ததும் மீதி ஆறு டப்பாவையும் எடுத்துவிட்டேன். கெட்ட சரக்கை எடுப்பது என் வேலை.

கருத்தக்கண்ணனை நீங்கள் மூன்று நாள் விசாரித்தீர்கள். அலமாரியை யாரெல்லாம் தொட்டார்கள் என்று கேட்டதற்கு வேன்காரன், குடோன் ஆட்கள் என்று எல்லாரையும் சொன்னானாம். என்னைப் பற்றி நீங்களே கேட்டபோது, "அண்ணே கை பட்ட சரக்குல தப்பு வராது சார்" என்றானாம்.

இம்புட்டு நம்புகிறவன் குடோனில் சேர்ந்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலில் துரோகம் செய்தது அவன்தான். அதை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.