மதியம் இரண்டு முதல் நான்கு வரை

குரல் தாமதமாக வருகிறது என்பதுதான், ஐயா, எங்களுக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி. எங்கள் செயலியில் ஒருவர் பேசினால் குரல் நேரே போகாது. எங்கெங்கோ இருக்கும் மூன்று கணினிகளைச் சுற்றிக்கொண்டுதான் எதிர்முனைக்குப் போகும். யார் எங்கிருந்து பேசுகிறார் என்று எங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒன்றரை விநாடி தாமதம். ஜனங்களுக்கு ரகசியமும் வேண்டும், வேகமும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அந்தப் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஏழு பேர் உட்காரும் அலுவலகம், ஜன்னலோரம் என் மேஜை. நான்கு வருடத்தில் ஒன்றைக்கூடப் பதில் இல்லாமல் விட்டதில்லை. ஒரு நட்சத்திரம் போட்டு அசிங்கமாகத் திட்டுகிறவனுக்கும் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

அக்கா புருஷனை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். அத்தான் கோபம் வந்தால் கை ஓங்குவார், எனக்கும் தெரியும். ஒருமுறை அவள் மணிக்கட்டு உடைந்தபோது, படியில் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான். "அவர் கண்ணுல பட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். எங்கே இருக்கிறாள் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் போனில் எங்கள் செயலியை அவளே போட்டுக் கொடுத்திருந்தாள். "நீங்க செஞ்சதுலேயே உருப்படியானது இதுதான்டா" என்று கிண்டல் வேறு.

அத்தான் வாரம் தவறாமல் வருவார். சத்தமே போடமாட்டார். "மாப்ள, அவகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான்" என்பார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் போனதும் என்னிடம் எரிந்து விழுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, எட்டு மாதமும் நான்தான் அது. வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் புகார் வந்தது. பெயர் இல்லை. எங்களிடம் யாருக்குமே பெயர் கிடையாது. "எங்கம்மாவுக்கு இடது காது கேக்காது, போனை மாத்தி மாத்தி வெச்சுக்குவாங்க. இதுல குரல் வேற லேட்டா வருது. நான் அழாதம்மான்னு சொல்றதுக்குள்ள அடுத்த அழுகைய ஆரம்பிச்சுடறாங்க. கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க." மூன்று நட்சத்திரம். எதிலும் நியாயமாக நடப்பவள் அக்கா.

எந்த நேரத்தில் இந்தச் சிக்கல் வருகிறது என்று கேட்டு எழுதினேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். மதியம் இரண்டிலிருந்து நான்கு, அப்போதுதான் கீழே கடையை மூடியிருப்பார்கள், மாடியில் நான் மட்டும் இருப்பேன் என்று பதில் வந்தது. 'நேரடி இணைப்பு' என்று ஒரு வசதி இருக்கிறது, அதைத் தட்டுங்கள், தாமதம் போய்விடும் என்றேன். தட்டினால் குரல் சுற்றாமல் நேரே போகும். பேசுகிறவரின் இணைய முகவரியும் எதிர்முனைப் போனில் பதிவாகிவிடும். அதற்கு ஓர் எச்சரிக்கையும் திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு, "இதுல ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டிருந்தாள். "ஒண்ணும் இல்லைங்க, தைரியமா தட்டுங்க" என்று எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த முகவரி ஒரு சலவைக் கடையின் பெயரில் இருந்தது. கடை எந்தத் தெருவில் என்று தேட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அத்தான் கையில் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டினார்.

வியாழக்கிழமை இரண்டு பத்துக்கு அக்காவிடமிருந்து வந்தது: "இப்ப அம்மா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது. ரொம்ப நன்றிங்க." ஐந்து நட்சத்திரம். அத்தான் மாடியேறியது இரண்டரைக்கு. அம்மா அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கடைசிவரை எல்லாமே தெளிவாகக் கேட்டதாம். உடலை அடையாளம் காட்ட அவளால் வரமுடியவில்லை, நான்தான் வந்தேன்.

அத்தான் பேசத்தான் போனார் என்று இன்றும் நம்புகிறேன், ஐயா. அவர் என்னிடம் கேட்டது விலாசம் மட்டும்தான். அவள் தனியாக இருக்கும் நேரத்தை நானாகத்தான் கீழே எழுதினேன், பேச வசதியாக இருக்குமே என்று.