டோ ஜெயாவின் உச்சரிப்பு

உங்க போலீஸ் ஸ்டேஷன் டீ நல்லாத்தான் இருக்கு, தம்பி. டின் பாலைத் தாராளமா ஊத்தியிருக்காங்க. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒரு நாள்தானே, போகட்டும்.

நீ எழுதிக் கொண்டுவந்த பேப்பரைப் படிச்சேன். இதுல கையெழுத்துப் போட்டா சாயங்காலமே போயிடலாம்னு சொன்னே. நல்ல மனசுப்பா உனக்கு. மாவ்பியிலேருந்து பஸ் ஏறி வந்து, முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்காகப் பர்மா பாஷையில மொழிபெயர்க்க உக்காந்திருக்கே. பாலசந்தர்னு அழகான பேரு வேற. ஆனா அதுல ஒரு வரி தப்பு. அதை மாத்தாம என்னால கையெழுத்துப் போட முடியாது. மாத்தினா உங்க ஸ்டேஷன் பெரியவரு என்னை விடமாட்டாருன்னும் தெரியும்.

முதல்லேருந்து சொல்றேன். பசுந்தாங் ஓடைக்கரையில விளையாட்டுப் பூங்கா இருந்துச்சே, நீகூடச் சின்ன வயசுல வந்திருப்பே. ராட்டினம், அன்னப் படகு, பெரிய சிமெண்டு யானை. யானை வயித்துக்குள்ள புகுந்து தும்பிக்கை வழியா சறுக்கினா கீழே தண்ணித் தொட்டியில போய் விழலாம். இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். பூட்டி ஆறு வருஷமாச்சு. மத்தவங்க போயிட்டாங்க, நான் போகல. என் அறை அங்கேயே இருக்கு. காலையில எழுந்து பெருக்குவேன். ராட்டினப் பெட்டியில புறா முட்டையிட்டிருந்தா ஓரமா எடுத்து வைப்பேன். மழை இறங்காம யானை மேல பாய் விரிச்சுக் கட்டுவேன். ஆளுங்க சொல்ற மாதிரி அது ஒண்ணும் பாழடைஞ்சு போகல. கூட்டம்தான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

போன வாரம் தனசேகரன் வந்தான், பர்மா வழக்கத்துல மரியாதையா கோ தனசேகரன். இன்சீன் ஊர்க்காரன், முப்பது வயசு இருக்கும், இடிக்கிற கான்ட்ராக்டரோட ஆளு. பேருதான் தனசேகரன், தமிழ்ல தண்ணின்னா என்னன்னுகூடத் தெரியாது. ரொம்பக் கலகலப்பு. சிவப்புப் பெயிண்டோட வந்து, திங்கக்கிழமை இடிக்கப்போறதுக்கெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டே பெருக்கல் குறி போட்டான். ராட்டினத்துக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு. என் அறைக் கதவுலயும் ஒண்ணு போட்டுட்டு, "பயப்படாதீங்க டோ ஜெயா, உங்களை உள்ளே வச்சு இடிக்கமாட்டோம்"னான். 'டோ'ன்னு அம்மா மரியாதை வேற. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. மீன் குழம்பு ஊத்தி மொஹிங்கா நூடுல்ஸ் செஞ்சு குடுத்தேன், ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

அவன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அதை எழுதிக்கோ. அவனைப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அந்தச் சிவப்புப் பெயிண்டைத்தான் பிடிக்கல.

சாப்பிட்டுட்டு அளவெடுக்கணும்னு யானைக்குள்ள புகற வாசல்கிட்ட, முதுகோட ஒட்டின மேடையில ஏறினான். ஏறும்போதே இரும்பு ஏணியோட கீழ்ப்படி ரெண்டும் ஒடைஞ்சு விழுந்துச்சு. மேலே நின்னு அதுக்கும் சிரிக்கிறான். "டோ ஜெயா, இப்ப எப்படி வரது?"ன்னு கத்திக் கேட்டான். வழி ரெண்டு இருந்துச்சு. ஏணியிலேயே இறங்கிக் கடைசியில ஒரு குதி குதிக்கலாம், இடுப்பு உயரம்தான். இல்லாட்டி யானை. தும்பிக்கை பாதியில அத்துப்போச்சு. தொட்டி போன இடத்துல ஓடைச் சேத்துக்குள்ள கம்பிங்க நட்டுக்கிட்டு நிக்குது. என் பாய் மறைக்கிறதால மேலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது.

நான் "ஸின்"னு ஒரே சொல்தான் சொன்னேன். பர்மா பாஷையில குரலை உசத்தி இழுத்தா அது இறங்கு. தாழ்த்திச் சமமா சொன்னா யானை. உனக்குத் தெரியாததா. அவன் யானைக்குள்ள போனான். சிரிச்சுக்கிட்டேதான் சறுக்கினான், பாதி வரைக்கும்.

அப்புறம் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, பஸ் நிக்கிற இடத்துக்கு நடந்து போய் ஆளுங்களைக் கூப்பிட்டேன். பெயிண்டை ஓடையில கொட்டினதும் நான்தான்.

இப்ப நீ எழுதினதைப் பாரு. 'இந்தம்மா தமிழச்சி. தொனி சரியா வராது. இறங்கச் சொல்ல நினைச்சு யானைன்னு சொல்லிட்டாங்க. உச்சரிப்புப் பிழை.' தமிழச்சின்னதும் உன்னை வரவழைச்ச உங்க பெரியவரும் பாவம், இவங்க பேச்சே அப்படித்தான்னு தலையாட்டினாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு, தம்பி. ஒரு மனுஷன் செத்ததுக்குக்கூட அப்படி எரியல.

நான் இருக்கிற அறை என்ன அறைன்னு நெனச்சே? பூங்காவோட மைக் அறை. பர்மாக்காரப் பொண்ணுங்க எத்தனையோ பேர் வரிசையில நிக்க, மானேஜர் என்னைத்தான் எடுத்தாரு. டோ ஜெயா பேசினா ஓடைக்கு அந்தக் கரையில இருக்கிறவனுக்கும் புரியும்னாரு. ஒரு நாளைக்கு நூறு தடவை 'ஸின்'னு சொல்லிக் குழந்தைங்களை இறக்கி விட்டிருக்கேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு குழந்தைகூட அதை யானைன்னு கேட்டதில்ல. கத்தும்போது குரலைத் தாழ்த்திச் சொல்றது லேசில்ல. எல்லாருக்கும் வராது, எனக்கு வரும். யானைன்னுதான் சொன்னேன். சுத்தமா சொன்னேன்.

கொலைன்னு எழுதிக்கோ, பிழைன்னு எழுதாதே. அந்த வரியை அடிச்சிட்டு, நான் சொன்னதை அப்படியே பர்மா பாஷையில உங்க பெரியவர்கிட்ட சொல்லு. வேணாம், நீ இரு. உன் மாவ்பிப் பேச்சுல தொனி நழுவும். நானே சொல்லிக்கிறேன்.